மலைவேம்புச் சாறும் நாள் கணக்கும்

புதுவயல் வாசகி ஒருவரின் கேள்வி, 6 ஜனவரி 2024

திருமணமாகி இரண்டேகால் ஆண்டுகள் ஆகின்றன. மாதவிலக்கு சில மாதம் 33 நாளில் வரும், சில மாதம் 37 நாள் ஆகும். விலக்கான முதல் மூன்று நாளும் வெறும் வயிற்றில் மலைவேம்பு இலைச் சாறு குடிக்க வேண்டும் என்கிறார் மாமியார். கழற்சிக்காய்ப் பருப்பும் மிளகும் என்கிறார் ஆயா. பப்பாளி, அன்னாசி, எள் மூன்றையும் தொடவே கூடாது என்கிறார்கள். கணவருக்குத் தினமும் ஒரு செவ்வாழை கொடுக்கிறோம். இவற்றில் எது உண்மையில் பலன் தரும்?

7 ஜனவரி, காலை

கேள்வியைப் படித்ததும் முதலில் எண்ணிப் பார்த்தேன். மனைவி குடிக்க வேண்டியது, மெல்ல வேண்டியது, விலக்க வேண்டியது என்று ஐந்து. கணவருக்கு ஒரு வாழைப்பழம். எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே பங்கீடுதான் நடந்தது. 2014இல் எங்களுக்குத் திருமணம். முதல் மூன்று ஆண்டுகள் என் மனைவி குடிக்காத கசாயம் இல்லை, என்னை ஒரு பரிசோதனைக்குப் போகச் சொன்னவர் ஒருவரும் இல்லை, நானாகவும் போகவில்லை.

ஆகவே எது பலன் தரும் என்பதற்கு முன் இரண்டு கேள்விகள். உங்கள் கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்தாகிவிட்டதா? நீங்கள் இருவரும் எந்த நாள்களைக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள்?

7 ஜனவரி, இரவு

இரண்டாவது கேள்வியை ஏன் கேட்டேன் என்று விளக்க வேண்டும். காரைக்குடியில் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அன்று சென்னையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை பிற்பகல் பல்லவன் ரயிலில் ஏறி இரவு ஊர் வந்து சேர்ந்து, ஞாயிறு இரவுப் பேருந்தில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தேன். விலக்கான நாளிலிருந்து பதினான்காம் நாள்தான் முக்கியமான நாள் என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, 12 முதல் 16 வரையிலான நாள்கள் எந்த வாரக் கடைசியில் வருகின்றன என்று நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதற்கேற்ப விடுப்பும் எடுத்தேன். கணக்கு நேர்த்தியாக இருந்தது, அடிப்படைதான் தவறு.

பதினான்கு என்ற எண்ணை முன்னிருந்து எண்ணக் கூடாது, பின்னிருந்து எண்ண வேண்டும். கருமுட்டை வெளியாவது அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால். 28 நாள் சுழற்சியில் முன்னிருந்து எண்ணினாலும் பின்னிருந்து எண்ணினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்பதால்தான் இந்தக் குழப்பம். என் மனைவிக்குச் சுழற்சி 35 நாள். அப்படியானால் முட்டை வெளியாவது ஏறக்குறைய 21ஆம் நாள். நாங்கள் 16ஆம் நாளோடு கடையைச் சாத்திவிட்டோம்.

9 ஜனவரி

தேவகோட்டையிலிருந்து ஒருவர், "ஐந்து நாள் முன்னே பின்னே ஆனால் என்ன கெட்டுப்போய்விடும்?" என்று கேட்டிருக்கிறார். நிறையவே கெட்டுப்போகும். வெளிவந்த முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். விந்தணு, சாதகமான நாள்களில் பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். 1995இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களை வைத்து நடத்திய ஆய்வில், கருத்தரிப்புகள் எல்லாம் முட்டை வெளியாகும் நாளோடு முடியும் ஆறு நாள்களுக்குள்ளேயே அமைந்திருந்தன. முட்டை வெளியான மறுநாளுக்கு மதிப்பில்லை. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களுக்குத்தான் மதிப்பு அதிகம்.

பின்னிருந்து எண்ணும் இந்தக் கணக்கை 1924இல் வெளியிட்டவர் ஜப்பானிய மருத்துவர் ஒகினோ. குழந்தை வேண்டும் என்று வந்தவர்களுக்கு உதவத்தான் அவர் அதைச் சொன்னார். உலகம் அதைக் கருத்தடைக்கு எடுத்துக்கொண்டது, அவருக்கே அது பிடிக்கவில்லை.

14 ஜனவரி

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். என் மனைவி படித்துவிட்டு, "21ஆம் நாள் என்று ஏதோ சிலாசாசனம் போல எழுதியிருக்கிறீர்கள், எனக்கு ஒரு மாதம் 32, ஒரு மாதம் 37, அடுத்த விலக்கு எப்போது வரும் என்று தெரிந்தால்தானே பின்னிருந்து எண்ண முடியும்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. சுழற்சி முறை தவறி வருபவர்களுக்கு வெறும் நாட்காட்டி போதாது. உடம்பே சொல்லும் அடையாளங்களைப் பார்க்க வேண்டும். அதை அவள்தான் எழுத வேண்டும், எழுத மாட்டேன் என்கிறாள்; அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

விலக்கு முடிந்து சில நாள் வறட்சியாக இருக்கும். பிறகு ஒட்டும் தன்மையுள்ள கசிவு வரும். முட்டை வெளியாகப் போகும் நாள்களில் அது தெளிந்து, வழுவழுப்பாக, இரண்டு விரலுக்கிடையில் நீட்டினால் அறுபடாமல் இழுபடும் முட்டை வெள்ளைக்கரு போல ஆகும். விந்தணு ஐந்து நாள் உயிர் வாழ்வது இந்தக் கசிவின் தயவில்தான். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதி 1950களிலிருந்து இதை வைத்தே ஒரு முறையை வகுத்துக் கற்பித்தார்கள்.

இதில் நம் ஊர்ச் சங்கடம் ஒன்று இருக்கிறது. எந்தக் கசிவு வந்தாலும் நம் வீடுகளில் அதற்கு ஒரே பெயர், வெள்ளைப்படுதல். "உடம்பு உருகுகிறது" என்பார்கள். திருமணமான முதல் ஆண்டில் என் மனைவி இந்த வழுவழுப்பைப் பற்றித் தன் ஆயாவிடம் சொல்ல, ஆயா கவலைப்பட்டு மோரில் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்து, சூடு தணியும் வரை கணவனோடு சேர வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். மாதத்தில் சேர வேண்டிய நாள்கள் அவைதான். ஆயாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? கசிவில் அரிப்பு, துர்நாற்றம், மஞ்சள் அல்லது பச்சை நிறம் இருந்தால் அது தொற்று, மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றது நோயில்லை.

15 ஜனவரி

வெப்பமானியைப் பற்றிக் கேட்டவருக்கு. காலையில் கண் விழித்ததும், எழுந்து நடமாடுவதற்கும் பேசுவதற்கும் முன்னால் நாக்கடியில் வைத்துப் பார்க்க வேண்டும். முட்டை வெளியான பிறகு வெப்பம் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, அடுத்த விலக்கு வரை அப்படியே நிற்கும். ஏறிய பிறகு தெரிந்து அந்த மாதத்துக்குப் பயனில்லை. மூன்று நான்கு மாதம் குறித்து வைத்தால் முட்டை வெளியாகிறதா, எத்தனையாம் நாள் என்பது பிடிபடும். காய்ச்சல் பார்க்கும் சாதாரணக் கருவியை விட இரண்டு தசம இடம் காட்டுவது நல்லது.

எங்கள் பெரிய வீட்டில் வளவு எனும் நடு முற்றத்தைச் சுற்றி அறைகள். கல்யாணமான பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. கதவுக்கு வெளியே ஆத்தா ஐந்தரை மணிக்குக் காப்பித் தம்ளரோடு வந்து நின்று மருமகளைக் கூப்பிடுவார். உள்ளே இவள் வாயில் கருவியோடு "ம்" என்று மட்டும் சொல்வாள். இரண்டு மாதம் கழித்து ஆத்தா என்னைத் தனியே அழைத்து, "என்னப்பா, அவளுக்கு என் மேல் ஏதும் வருத்தமா, காலையில் பேசவே மாட்டேன் என்கிறாளே" என்று கேட்டார்.

22 ஜனவரி

உணவைப் பற்றிச் சொல்லாமல் நாளைப் பற்றியே எழுதுகிறேன் என்று புதுவயல்காரர் நினைவூட்டியிருக்கிறார். சொல்கிறேன்.

மலைவேம்பு. கருத்தரிப்பைக் கூட்டும் என்பதற்கு மனிதர்களிடம் செய்த நம்பத்தக்க சான்று எதையும் எங்கள் மருத்துவரால் காட்ட முடியவில்லை. இந்த ஒரே பெயரில் இரண்டு மரங்களைச் சொல்கிறார்கள், அவற்றில் ஒன்றின் பழம் நஞ்சு. என் மனைவி ஏழு மாதம் குடித்து ஏழு மாதமும் வாந்தி எடுத்தாள். "கசடு வெளியேறுகிறது" என்றார்கள்.

விலக்கச் சொன்ன மூன்றும் எங்கள் வீட்டிலும் விலகியிருந்தன. நன்கு பழுத்த பப்பாளியும் அன்னாசியும் அளவாக உண்டால் சாதாரணப் பழங்கள்தாம். எள்ளை விலக்கியதால் ஓராண்டு இட்லிப் பொடி இல்லாமல் நானும் சேர்ந்து துன்பப்பட்டேன். அந்த மூன்று ஆண்டுகளில் நான் செய்த ஒரே தியாகம் அதுதான்.

உணவு உண்மையாகவே வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லப்படும் நிலையில், எடை கூடுதலாக உள்ள பெண்கள் தம் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே பலருக்கு முட்டை வெளியாவது சீராகிறது. இதற்கென்று தனி உணவு முறை இல்லை. எந்த முறை மற்றதைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றே 2023ஆம் ஆண்டுச் சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறது. என் மனைவி 74 கிலோவிலிருந்து 69 ஆனாள். மருந்து எதுவும் இல்லை. மாலைப் பலகாரத்தை நிறுத்தினாள், இரவில் அரிசியைப் பாதியாக்கிப் பாசிப்பயறும் கீரையும் கூட்டினாள், விடியலில் ஊருணிக் கரையை நான்கு சுற்று சுற்றி வந்தாள். சுழற்சி 35இலிருந்து 31 நாளுக்கு இறங்கியது.

மாலைப் பலகாரத்தை நிறுத்துவது என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். செட்டிநாட்டு வீட்டில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வெள்ளைப் பணியாரம் வேண்டாம் என்றால் கந்தரப்பம் வரும், அதுவும் வேண்டாம் என்றால் "இது சத்து" என்று சொல்லிக் கும்மாயம் வரும். கும்மாயத்தில் பயறு இருக்கிறது, உண்மைதான். பயற்றின் அளவுக்குக் கருப்பட்டியும் அது குடிக்கும் நெய்யும் இருக்கின்றன. கவுனி அரிசியை இப்போது எல்லோரும் மருந்து என்கிறார்கள். பர்மாவிலிருந்து வந்த அரிசி, கருப்பு நிறம், நல்ல நார்ச்சத்து, எல்லாம் சரி. நம் வீட்டுக் கிண்ணத்துக்கு அது சர்க்கரை, நெய், தேங்காய்ப்பூவோடு இனிப்பாகத்தானே வருகிறது?

3 பிப்ரவரி

ஃபோலிக் அமிலத்தை விட்டுவிட்டேன், அது என் பெரிய பிழை. கருத்தரிக்க முயலும் எந்தப் பெண்ணும், கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது தினமும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பலருக்கு அப்போதுதான் நாள் தள்ளியிருக்கிறதே என்ற சந்தேகமே வரும். கருத்தரிக்க வைப்பதற்கான மாத்திரை அன்று இது, பிறக்கும் குழந்தைக்கானது. நம் கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரைதான் எளிதாகக் கிடைக்கிறது. யாருக்கு எந்த அளவு என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

ஆண்களுக்கும் ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் என்று விற்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். 2,370 தம்பதிகளை வைத்து நடந்த பெரிய சோதனையின் முடிவு 2020இல் வந்தது. அந்த இரண்டையும் உட்கொண்ட ஆண்களின் வீட்டில் குழந்தை பிறப்பு கூடவில்லை. நான் அதற்கு முன்பே நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு பொடி வாங்கித் தின்று முடித்திருந்தேன்.

4 பிப்ரவரி

பாலைப் பற்றி. அமெரிக்கச் செவிலியர் 17,544 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. வனஸ்பதி போன்றவற்றில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பை அதிகம் உண்டவர்களுக்கு முட்டை வெளியாவதில் கோளாறு அதிகமாகவும், கொழுப்பு நீக்காத பால் குடித்தவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. இதைப் படித்துக் காட்டியபோது ஆத்தாவுக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கவனித்துப் பதிவு செய்ததுதான் அந்த ஆய்வு, இரு கூறாகப் பிரித்துக் கொடுத்துச் சோதித்ததன்று. அதை ஆத்தாவிடம் நான் சொல்லவில்லை. வனஸ்பதியில் இந்தக் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2022இலிருந்து விதி இருக்கிறது.

19 பிப்ரவரி

என் பரிசோதனைக் கதையை யாரோ கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

2016 மார்கழியில் பிள்ளையார் நோன்பு. வளவில் எல்லோரும் கூடி, பெரியப்பச்சி, அதாவது என் பெரியப்பா, ஒவ்வொருவருக்கும் மாவில் வைத்த இழையை, அதாவது நூல் திரியை, ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைச் சுடரோடு விழுங்குவதுதான் சடங்கு. என் தம்பி மனைவிக்கு அப்போது நான்காம் மாதம்; வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு இழை வாங்கி, ஒன்றை விழுங்கிவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினாள். அவளுக்கு அடுத்து என் மனைவி. ஒரு இழையை வாங்கிச் சுடரோடு வாயில் போட்டுக்கொண்டவள் வழக்கமாக உடனே வாயை மூடுவாள், அன்று ஒரு கணம் திறந்தபடியே நின்றாள். நாக்கில் சுட்டுவிட்டது. சுட்டதற்குத்தான் கண்ணில் நீர் என்று எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரமே பெரியப்பச்சி, நம் கோவிலிலேயே, அதாவது நம் குலப் பிரிவுக்குள்ளேயே, நல்ல இடத்தில் பிள்ளை கூட்டிக்கொள்ளலாமே, தத்தெடுக்கலாமே என்று மெல்லப் பேச்செடுத்தார். ஒரு பரிசோதனைகூடச் செய்யாத நிலையில் வந்த யோசனை அது.

அதற்குப் பிறகும் நான் ஓராண்டு இழுத்தடித்தேன். 2017 டிசம்பரில் போனேன். ஒரு மில்லிலிட்டருக்கு 90 லட்சம் அணுக்கள். அன்றைய கீழ் வரம்பு ஒன்றரைக் கோடி. 2021இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு கோடியே அறுபது லட்சம் ஆக்கியிருக்கிறது. நகரத்திலிருந்த ஒரு பெரிய சிகிச்சை மையத்தில் அந்தத் தாளைப் பார்த்த உடனே சோதனைக் குழாய் சிகிச்சைக்குத் தவணைத் திட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அக்டோபரில் உங்களுக்குக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டவர் ஊரில் இருந்த வயதான மருத்துவர் ஒருவர்தான். டெங்கு வந்திருந்தது, பத்து நாள் கிடந்தேன். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகும், கடும் காய்ச்சலின் அடையாளம் இரண்டு மூன்று மாதம் கழித்தும் அறிக்கையில் தெரியும், புகையிலையை விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள் என்றார். 2018 மார்ச்சில் இரண்டு கோடியே எண்பது லட்சம்.

20 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்தவர்கள், "அப்படியானால் குறை உங்களிடம் இல்லை" என்று ஆறுதல் சொல்கிறார்கள். அந்தப் பொருளில் நான் எழுதவில்லை. மெல்லும் புகையிலை பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம். அதன் பங்கு எவ்வளவு, டெங்குவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணமாவது இருக்கிறது. இருந்தும் விரதம் எல்லாம் பெண்ணுக்கு.

விரதம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று மாதச் சஷ்டி, கிருத்திகை இரண்டும் இருந்தாள். விரத நாளில் சேரக் கூடாது. பழைய நாட்காட்டிகளைப் பின்னால் எடுத்துப் பார்த்தபோது, நான் ஊரில் இருந்த வாரக் கடைசியும் அவளுடைய சரியான நாளும் ஒத்துவந்த மாதங்கள் மிகச் சில. அவற்றிலும் இரண்டைக் கிருத்திகை கொண்டுபோயிருந்தது. குன்றக்குடி முருகன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கணக்கை நாங்கள்தான் அவனிடம் சொல்லவில்லை.

என் ஐயாவின் தகப்பனார் இரங்கூனில் மூன்றாண்டுக் கணக்குக்கு, அதாவது மூன்றாண்டு அங்கேயே தங்கிப் பார்க்கும் வேலைக்குப் போய்வந்தவர். இடையில் அவர் மனைவியிடம் விசேஷம் உண்டா என்று யாரும் கேட்டிருக்க முடியாது. கடல் நடுவில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு பல்லவன் இருந்ததை மட்டும் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

11 மார்ச்

இடையில் ஒருவர் தனக்கு ஆறு ஆண்டுகள், எல்லா நாளும் சரியாகப் பார்த்தோம், உணவும் சரி, ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அவருக்கு நான் எழுதிய எதுவும் பொருந்தாது. கருக்குழாய் அடைத்திருந்தால் நாளும் உணவும் ஒன்றும் செய்யா. நம் நாட்டில் அதற்குக் காசநோயும் ஒரு காரணம். தைராய்டு இருக்கலாம். ஓராண்டு முயன்றும் ஆகவில்லையென்றால் இருவரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். பெண்ணுக்கு 35 கடந்திருந்தால் ஆறே மாதம். புதுவயல்காரரைப் போல முறை தவறி வந்தால் இப்போதே. உலகில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இதை அனுபவிக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கணக்குச் சொன்னது. அந்த ஆறாவது ஆள் நம் வளவில் மட்டும் இருப்பதில்லை.

25 மார்ச்

கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: மகளுக்கு ஐந்து வயது நடக்கிறது. நான் சென்னை வேலையை விட்டு ஊரோடு வந்து மூன்றாம் மாதம் கருவில் தங்கினாள். யார் பெயரில் வரவு வைப்பது என்பதில் வீட்டில் இன்னும் தீர்ப்பு இல்லை. ஆத்தா, எப்போதோ குடித்து நிறுத்திய மலைவேம்பு உள்ளே இருந்து வேலை செய்தது என்கிறார். மாமியார், திருக்கருகாவூர்க் கோவில் நெய் என்கிறார். நான் நாள் கணக்கு என்கிறேன். என் மனைவி, "நான் இறக்கிய ஐந்து கிலோ" என்கிறாள். மலைவேம்பு தவிர மற்ற மூன்றும் ஒரே ஆண்டில் சேர்ந்தே நடந்ததால், இது என் அலுவலகத்துக்கு வந்த பேரேடாக இருந்தால் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்பியிருப்பேன்.

29 மார்ச்

புதுவயல்காரர் நாளைக் காலை கணவர் பரிசோதனைக்குப் போவதாக எழுதியிருக்கிறார். நல்லது. இரண்டு முதல் ஏழு நாள் வரை சேராமல் இருந்திருக்க வேண்டும். மாதிரியை அங்கேயே கொடுப்பதுதான் மேல். கூச்சத்தால் முடியாதென்றால் வீட்டில் எடுத்து, அவர்கள் கொடுத்த குப்பியிலேயே, உடம்புச் சூடு குறையாமல் சட்டையின் உள்பையில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். வழியில் எங்கும் நிற்க வேண்டாம். நான் அப்படிப் போன காலையில் தேநீர்க் கடை வாசலிலிருந்து பெரியப்பச்சி கைதட்டிக் கூப்பிட்டார். வண்டியை நிறுத்தாமல் போய்விட்டேன். மரியாதை தெரியாதவன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.